யார் என்று கேட்காதே, ஏன் என்று கேள்!

(வண்டியூரில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: சாலையில் நிற்கும் காவலருக்குப் பெரிதும் வேண்டியது கண்டிப்பா? கண்ணோட்டமா? 'கண்ணோட்டமே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் அனல் பறக்கப் பேசிவிட்டு, இப்போது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சோடா குடித்துக்கொண்டிருக்கிற எதிரணித் தலைவர் அவர்களே! இரண்டு பக்கமும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களே! வண்டியூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

இந்தத் தலைப்புக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று தெரியவில்லை. அவருக்கு ஒரு மாலை போட வேண்டும். மதுரையைச் சுற்றி எத்தனையோ ஊர் இருக்கு. அனுப்பானடி இருக்கு, ஆரப்பாளையம் இருக்கு, ஒத்தக்கடை இருக்கு. ஆனா பேரிலேயே வண்டியை வச்சிருக்கிற ஊரு இதுதான்யா! வண்டி வழக்கை வண்டியூர்ல பேசாம வேற எங்கே போய்ப் பேசறது? (சிரிப்பு, கைதட்டல்)

அதுமட்டுமா? சித்திரைத் திருவிழாவிலே அழகரே மலையை விட்டு இறங்கி, வைகையிலே எழுந்தருளி, இந்த வண்டியூருக்கு வந்து தங்கிவிட்டுத்தான் போகிறார். லட்சக்கணக்கான ஜனம். மாட்டு வண்டி வரும், வேன் வரும், தலையிலே குழந்தையைத் தூக்கி வச்சுக்கிட்டு அப்பன் வருவான், தண்ணி பீய்ச்சறவன் வருவான். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலே ஒரு போலீஸ்காரர், வாயிலே விசில், சட்டையெல்லாம் வேர்வை. அவர் அன்னிக்குச் சட்டப் புத்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, 'ஏம்ப்பா, நீ இடது பக்கமா வரலையே, நில்லு' என்று ஒவ்வொருத்தருக்கா நோட்டீஸ் எழுத ஆரம்பிச்சா என்ன ஆகும்? அழகர் ஆத்துல இறங்கறதுக்கு ஆடி மாசம் ஆயிடும்! (சிரிப்பு) சட்டத்தைக் கையிலே வைத்திருக்கிறவனுக்கு, அதை எந்த இடத்தில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று தெரிய வேண்டும் நடுவர் அவர்களே. அதைத்தான் நான் கண்ணோட்டம் என்கிறேன்.

எதிரணியிலே எனக்கு முன்னால் பேசிய அம்மையார் கணக்கோடு வந்தார்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்றார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் என்றார்கள். ஹெல்மெட் போடாமல் போய் அந்த வருஷம் உயிர்விட்டவர்கள் 50,029 பேர் என்றார்கள். மத்திய அரசு வெளியிட்ட கணக்கு, மறுக்க முடியாது. அவர்கள் சொல்லி முடித்ததும் நாமெல்லாம் கைதட்டினோம். ஐயா, கைதட்டுகிற கணக்கா அது? ஐம்பதாயிரம் வீட்டில் சாயங்காலம் ஒருத்தர் திரும்பி வரவில்லை. ஐம்பதாயிரம் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு குறைகிறது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட் வேண்டாம், அபராதம் வேண்டாம், போலீஸ் வேண்டாம் என்று பேச நான் வரவில்லை. எங்கள் அணியில் யாரும் அப்படிப் பேசவும் மாட்டோம்.

பிறகு சண்டை எதிலே? அம்மையார் ஒரு வார்த்தை சொன்னார்கள். "சட்டம்னா சட்டம். அதிலே போலீஸ்காரர் யோசிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை" என்றார்கள். அங்கேதான் நான் எழுந்து நிற்கிறேன்.

சட்டத்தையே பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. 1989 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதிலே 200-ஆவது பிரிவு என்று ஒன்று. சில குற்றங்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமலே, மாநில அரசு யாரை அறிவிக்கிறதோ அந்த அதிகாரி, அரசு குறித்த தொகையை வாங்கிக்கொண்டு அங்கேயே முடிக்கலாம். 'ஸ்பாட் ஃபைன்' என்கிறோமே, அதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கவனியுங்கள்: 'முடிக்கலாம்' என்கிறது சட்டம். 'முடித்தே தீர வேண்டும்' என்று சொல்லவில்லை. நான் தமிழ் வாத்தியார். 'லாம்'-க்கும் 'வேண்டும்'-க்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியாதா? என் வீட்டில், 'காபி குடிக்கலாமா?' என்று நான் கேட்பேன். 'கடைக்குப் போகணும்' என்று பதில் வரும். அங்கே 'லாம்' என் பக்கம், 'ணும்' அந்தப் பக்கம்! (சிரிப்பு)

அந்த 200-ஆவது பிரிவுக்குள்ளே எல்லாக் குற்றமும் இருக்கா? இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது 185-ஆவது பிரிவு. அது அந்தப் பட்டியலிலே கிடையாது. ரோட்டோரத்தில் பணம் கட்டி முடிக்கிற வேலை அங்கே நடக்காது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வயது வராத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து அனுப்புகிறோமே, அது 199ஏ பிரிவு. அதுவும் பட்டியலில் இல்லை. ஆக, எந்த இடத்தில் விட்டுப்பிடிக்கலாம், எந்த இடத்தில் பிடி தளரவே கூடாது என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. யோசிக்க ஒன்றுமில்லை என்றா அதற்கு அர்த்தம்?

இன்னொன்று. 129-ஆவது பிரிவு, ஹெல்மெட் போடச் சொல்கிற பிரிவு. அதிலேயே, தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு இருக்கிறது. சட்டம் எழுதினவர்கள், கட்டளையை எழுதின அதே கையாலே எதிரில் நிற்கிறவன் தலையையும் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்.

2019-இலே சட்டத்தைத் திருத்தினார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் அபராதம் ஏறியது. ஹெல்மெட் இல்லை என்றால் 100 ரூபாய் இருந்தது 1,000 ரூபாய் ஆனது. அதே மாதம் குஜராத் அரசு, 'எங்க ஊர்ல 500 போதும்' என்று பாதியாகக் குறைத்தது. நம்ம தமிழ்நாட்டிலே அந்தப் புதிய தொகையை அமலுக்குக் கொண்டுவந்தது எப்போது? 2022 அக்டோபரிலே. மூன்று வருஷம்! தவறு என்று சொல்லவில்லை. ஜனங்களால் தாங்க முடியுமா என்று யோசித்திருப்பார்கள். ஒரு சர்க்கார் பாதியாகக் குறைக்கிறது, இன்னொரு சர்க்கார் மூன்று வருஷம் பொறுக்கிறது. குளிர்சாதன அறையிலே உட்கார்ந்திருக்கிற அரசாங்கத்துக்குக் கண்ணோட்டம் இருக்கலாம், வெயில்லே நிக்கிற ஏட்டய்யாவுக்கு மட்டும் இருக்கக் கூடாதா? (கைதட்டல்)

இன்னும் ஒரு உதாரணம். 2017 செப்டம்பரிலே, ஓட்டுநர் உரிமத்தின் அசலையே கையில் வைத்திருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் அறிவித்தார்கள். ஜெராக்ஸ் செல்லாது. ஞாபகம் இருக்கா? பீரோவிலே நகையோடு நகையாக வைத்திருந்த லைசென்ஸ் எல்லாம் சட்டைப் பைக்கு வந்தது. 2018 நவம்பரிலே மத்திய மோட்டார் வாகன விதி 139-ஐத் திருத்தினார்கள். செல்போனிலே காட்டினாலே போதும் என்றாயிற்று. அந்தப் பதினான்கு மாதத்திலே, லைசென்ஸை வீட்டிலே மறந்துவிட்டு வந்த ஒருத்தரும், லைசென்ஸே எடுக்காத ஒருத்தரும் அடுத்தடுத்து வந்தால் இருவரையும் ஒரே தராசிலேதான் நிறுக்க வேண்டுமா?

ஆனால், நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 'எச்சரித்து அனுப்பு' என்று அந்த 200-ஆவது பிரிவில் எழுதியிருக்கவில்லை. அது வழக்கத்திலே இருக்கிறது. எழுதாத இடத்திலே நடக்கிற காரியம் என்பதால்தான் நல்லதும் அங்கே நடக்கிறது, கெட்டதும் அங்கே நடக்கிறது. எதிரணி நண்பர்கள் பயப்படுவதும் அதற்குத்தான். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன்.

முதலிலே, கண்டிப்பு மட்டுமே இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 2018 மார்ச் மாதம். திருச்சி திருவெறும்பூர்ப் பக்கம் ஹெல்மெட் சோதனை. ஒரு கணவனும் மனைவியும் பைக்கிலே வந்தார்கள். நிற்கவில்லை. நிற்காதது தவறுதான். ஓர் இன்ஸ்பெக்டர் விரட்டிக்கொண்டு போய் அந்த வண்டியை உதைத்தார் என்பது புகார். வண்டி சாய்ந்தது. அந்தப் பெண் இறந்துபோனாள். ஜனங்கள் நெடுஞ்சாலையிலே உட்கார்ந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். அன்று ஹெல்மெட்டுக்கு அபராதம் எவ்வளவு? நூறு ரூபாய். எதற்காக ஹெல்மெட் போடச் சொல்கிறோம்? உயிரைக் காப்பாற்ற. உயிரைக் காப்பாற்ற வந்த சட்டத்தை வைத்தே ஓர் உயிர் போய்விட்டது. நம்பரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கலாமே! அந்த ஒரு நொடி நிதானம், அதுவும் கண்ணோட்டம்தான் நடுவர் அவர்களே.

(அரங்கில் அமைதி)

இதைச் சொல்ல மதுரையை விடப் பொருத்தமான ஊர் ஏது? இந்த மண்ணிலேதானே பாண்டியன் நெடுஞ்செழியன் இருந்தான்? கோவலன் வெளியூர்க்காரன். கையிலே ஒற்றைச் சிலம்பு. அவனைத் திருடன் என்று காட்டிக்கொடுத்தவன் அரண்மனைப் பொற்கொல்லன். மன்னன் என்ன செய்தான்? சொன்னது யார் என்று பார்த்தான்: அரண்மனை ஆள். மாட்டினவன் யார் என்று பார்த்தான்: ஊர் பேர் தெரியாதவன். தீர்ப்பு முடிந்தது! 'உன் சிலம்புக்குள்ளே என்னப்பா பரல்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மாணிக்கமா, முத்தா என்கிற அந்தப் பேச்சு, கண்ணகி வந்து நின்ற பிறகுதான் வந்தது. அதற்குள் கோவலன் போய்விட்டான், அரசனும் அரியணையிலேயே போய்விட்டான், மதுரையும் எரிந்தது. யார் என்று கேட்டதால் எரிந்த ஊர் ஐயா இது! ஏன் என்று கேட்டிருந்தால் எரிந்திருக்காது. (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவர் மனுநீதிச் சோழனைக் கூட்டி வந்தார். வரட்டும். தேர்ச்சக்கரத்திலே கன்று சிக்கியது. நம்ம நாட்டுச் சாலை விபத்து வழக்குகளுக்கெல்லாம் அதுதான் தாய் வழக்கு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலே அந்தச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். எதற்கு? மகனைத் தேர்க்காலில் இட்டான் என்ற கொடுமைக்காகவா? இல்லை. ஓட்டினவன் 'யார்' என்று பார்க்காததற்காக. 'இளவரசர் வண்டி, விட்டுடுங்க' என்று சொல்ல அன்றைக்கும் நாலு மந்திரி இருந்திருப்பார்கள் அல்லவா? அவர் கேட்கவில்லை. ஆகவே மனுநீதிச் சோழனும் எங்கள் அணிதான். தலைவர் கூட்டி வந்தார், நான் கூட்டிக்கொண்டு போகிறேன்! (சிரிப்பு, கைதட்டல்)

இனி எதிரணியின் பலமான கேள்விக்கு வருகிறேன். "போலீஸ்காரர் கையிலே விடலாம் என்ற அதிகாரத்தைக் கொடுத்தால், அது காசுக்குப் போகும், சிபாரிசுக்குப் போகும்." உண்மை. மறைக்க மாட்டேன். ஏனென்றால் அந்த உண்மையிலே நானே ஒரு சாட்சி. சாட்சி என்ன, குற்றவாளி.

2015-ஆம் வருஷம். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஜூலை 1 முதல் ஹெல்மெட் கண்டிப்பாகப் போட வேண்டும் என்று வந்ததே, அதற்குச் சில வாரம் கழித்து. காலையிலே தெப்பக்குளம் வழியாகக் கல்லூரிக்குப் போகிறேன். தலையிலே ஹெல்மெட் இல்லை. ஹெல்மெட் எங்கே? வண்டிக் கண்ணாடியிலே தொங்குது! நம்ம ஊர்லே கண்ணாடிக்குத்தானே தலைக்காயம் வரும்? (சிரிப்பு) நிறுத்தினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயா! நீங்களா? நான் உங்க ஸ்டூடண்ட்டுங்க. கடைசி பெஞ்சு. போங்கய்யா, போங்க" என்று வழிவிட்டார். எனக்கு உள்ளுக்குள்ளே பெருமை. நம்ம பிள்ளை எவ்வளவு மரியாதை!

எனக்குப் பின்னாலே டிவிஎஸ் 50-லே ஒரு பூக்காரர். முன்னாலே மல்லிகைப்பூக் கூடை. அவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. என் காதிலே விழுகிறது: "ஏய், ஓரமா நிறுத்து. நூறு ரூபா எடு." அவர், "சார், பூ வாடிடும் சார்" என்கிறார். நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

சாயங்காலம் வீட்டிலே இதைப் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்: "ஏங்க, நீங்களும் அவரும் ஒரே பேப்பர்தானே எழுதினீங்க? நீங்க பாஸு, அவரு ஃபெயிலா? உங்க காலேஜ்ல இப்படித்தான் மார்க் போடுவீங்களா?"

முப்பது வருஷம் பேப்பர் திருத்தப் போகிறவனை ஒரு வரியிலே திருத்திவிட்டாள் நடுவர் அவர்களே! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அதே இடத்துக்குப் போனேன். "தம்பி, எனக்கும் நூறு ரூபாய்க்கு ரசீது போடு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, நேத்துக் குத்தத்துக்கு இன்னிக்கு ரசீது போட முடியாதுங்கய்யா. இன்னிக்கு ஹெல்மெட் வேற போட்டிருக்கீங்க" என்றார். (சிரிப்பு) "அந்தப் பூக்காரர் யாருப்பா?" என்றேன். "தெரியலீங்களே ஐயா, தினம் எத்தனையோ பேர்" என்றார். எனக்குக் கட்ட இடமில்லாத அந்த நூறு ரூபாய் இன்னும் என் கணக்கிலே நிற்கிறது.

அந்தத் தம்பி எனக்குக் காட்டினது கண்ணோட்டமா? இல்லை ஐயா. அது சலுகை. அவர் பணம் வாங்கவில்லை. ஆனாலும் அது சலுகைதான். 'ஏன் போடவில்லை?' என்று எங்கள் இருவரிடமும் கேட்டிருந்தால், எனக்குச் சொல்லப் பதிலே கிடையாது. அவராவது பூ வாடும் என்று ஒரு காரணம் சொன்னார். கேட்டது 'யார்' என்ற கேள்வி. அதனால்தான் படித்தவன் தப்பித்தான், பாடுபட்டவன் மாட்டினான். எதிரணி நண்பர்கள் எதை எதிர்க்கிறார்களோ அதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் அதற்குக் கண்ணோட்டம் என்று பெயர் வைக்காதீர்கள்.

கண்ணோட்டம் என்றால் என்ன? இப்போது நாம் 'என் கண்ணோட்டத்திலே' என்று பார்வை என்ற பொருளில் சொல்கிறோம். வள்ளுவர் சொன்னது வேறு. எதிரிலே நிற்கிறவன் மேலே கண் போய்ப் படிவது, அந்த இரக்கம். அந்த அதிகாரத்தை அவர் எங்கே வைத்தார் என்பதுதான் அதிசயம். அறத்துப்பாலிலே அருளுடைமை, கொல்லாமை பக்கத்திலே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பொருட்பாலிலே, அரசியலிலே வைத்தார். செங்கோன்மை 55-ஆவது, கொடுங்கோன்மை 56-ஆவது, வெருவந்த செய்யாமை 57-ஆவது, அடுத்த 58-ஆவது அதிகாரம் கண்ணோட்டம். ஆள்கிறவனுக்கு இரக்கம் என்பது தர்மம் போடுகிற குணமல்ல, வேலைக்கு வேண்டிய தகுதி என்கிறார். அதிலும் ஒரு நிபந்தனை போடுகிறார் பாருங்கள்: செய்ய வேண்டிய காரியம் கெடாமல் இரக்கம் காட்டத் தெரிந்தவனுக்கே உலகம் உரியது என்கிறார். காரியமும் கெடக் கூடாது, கண்ணும் கல்லாகக் கூடாது.

எப்படி ஐயா இரண்டும் முடியும் என்கிறீர்களா? எங்கள் தெருவிலே நடந்ததைச் சொல்கிறேன். நடுராத்திரி. ஒரு பாட்டிக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. ஆட்டோ கிடைக்கவில்லை. பேரன் பைக்கை எடுத்தான். நடுவிலே பாட்டி, பின்னாலே பாட்டியைத் தாங்கிக்கொண்டு அம்மா. மூன்று பேர், ஹெல்மெட் ஒருத்தருக்கும் இல்லை. பெரியாஸ்பத்திரியை நோக்கிப் பறக்கிறான். வழியிலே ஏட்டய்யா கை காட்டினார். கண்டிப்பு மட்டும் இருந்தால் என்ன செய்வார்? மூன்று பேர், ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் எடு என்பார். இரக்கம் மட்டும் இருந்தால் என்ன செய்வார்? 'போப்பா போ' என்று விடுவார். அவன் பதற்றத்திலே அடுத்த வளைவிலே மூன்று பேரையும் சாய்ப்பான். அவர் இரண்டும் செய்யவில்லை. "எங்கேப்பா?" என்று கேட்டார். பாட்டி முகத்திலே டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தப் பக்கம் வந்த ஒரு சரக்கு ஆட்டோவை நிறுத்தி, பாட்டியையும் அம்மாவையும் அதிலே ஏற்றி, "நீ பின்னாலே மெதுவா வா" என்று அனுப்பினார்.

பாட்டி பிழைத்துக்கொண்டாள். நாலு நாள் கழித்துப் பேரன் நன்றி சொல்லப் போனான். ஏட்டய்யா நோட்டைப் பிரித்துக் காட்டினாராம். "தம்பி, உன் வண்டி நம்பர் இங்கே இருக்கு. பக்கத்துலயே 'மூணு பேர், ஆஸ்பத்திரி'ன்னும் எழுதியிருக்கேன். இன்னொரு தடவை மூணு பேரா வந்தா, எந்த ஆஸ்பத்திரின்னு கேட்பேன்!" (சிரிப்பு, கைதட்டல்)

இதிலே மூன்று விஷயம் இருக்கு, நடுவர் அவர்களே. ஒன்று, அவர் 'ஏன்' என்று கேட்டார், 'யார்' என்று கேட்கவில்லை. இரண்டு, அபராதத்தை விட்டார், ஆபத்தை விடவில்லை. மூன்று, விட்டதை நோட்டிலே எழுதி வைத்தார். இந்த மூன்றாவதுதான் உரைகல். எனக்கு வழிவிட்ட தம்பியால் அன்று என்ன எழுதியிருக்க முடியும்? 'ஹெல்மெட் இல்லை, எனக்குத் தமிழ் நடத்தியவர், விட்டேன்' என்று எழுத முடியுமா? ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு விடுகிறவர், 'ஐம்பது வாங்கினேன், விட்டேன்' என்று எழுதுவாரா? எழுதக் கூசுகிறதா, அது சலுகை. கூசாமல் எழுத முடிகிறதா, அது கண்ணோட்டம். அதிகாரத்தைப் பறிக்க வேண்டாம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள் போதும்! (கைதட்டல்)

"எதுக்குய்யா இவ்வளவு? கேமரா வச்சா முடிஞ்சுது" என்றார் எதிரணியிலே ஓர் இளைஞர். கேமரா வரட்டும், வந்துகொண்டுதான் இருக்கிறது. 2021 ஆகஸ்டிலே மத்திய விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்து, எந்திரம் பிடித்த குற்றத்துக்குப் பதினைந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கேமராவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. 'நீ யாரு'ன்னு கேட்காது. நானாக இருந்தாலும் படம் பிடிக்கும், பூக்காரராக இருந்தாலும் பிடிக்கும். ஆனால் அது 'ஏன்'-உம் கேட்காதே! ஆம்புலன்ஸுக்கு வழிவிட ஓர் அடி கோட்டைத் தாண்டினவனும், அவசரத்திலே சிகப்பைத் தாண்டினவனும் அதற்கு ஒன்றுதான். கேமராவுக்குக் கண் உண்டு, ஓட்டம் இல்லை. கேமரா காட்டுகிற படத்தையும் ஒரு மனிதன் பார்த்துத்தானே ஐயா முடிவு செய்ய வேண்டும்?

இங்கிலாந்திலே ஒரு வழக்கம் இருக்கிறது. குறித்த வேகத்துக்குச் சற்று மேலே போய் மாட்டினவருக்கு, அபராதத்துக்குப் பதிலாக வேகத்தின் ஆபத்தைச் சொல்லித்தரும் வகுப்பிலே உட்காரும் வாய்ப்பைப் போலீஸ் கொடுக்கலாம். சில மணி நேரம் வாத்தியார் பேச்சைக் கேட்க வேண்டும். இதற்கு அபராதமே மேல் என்று என் மாணவர்கள் சொல்வார்கள்! (சிரிப்பு) ஆனால் நோக்கத்தைப் பாருங்கள். பணம் வாங்குவதா முக்கியம், திருத்துவதா முக்கியம்?

பெரியவர்கள் விஷயத்திலே என்ன செய்வது? அதற்கும் நம் நாட்டிலே முன்னுதாரணம் உண்டு. 1982. டெல்லி கன்னாட் பிளேஸ். தப்பான இடத்தில் நின்ற ஓர் அம்பாசிடர் கார் மேலே ஒரு சப்-இன்ஸ்பெக்டர் நடவடிக்கை எடுத்தார். பார்த்தால், அது பிரதமர் இந்திரா காந்தி அலுவலகத்துக் கார்! அப்போது டெல்லிப் போக்குவரத்துத் துணை ஆணையராக இருந்தவர் கிரண் பேடி. கீழே வேலை செய்த சப்-இன்ஸ்பெக்டரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, பக்கத்திலே நின்றார். 'யார்' என்று கேட்காத கண்டிப்பு அது. அதை நான் தலை வணங்கி ஏற்கிறேன்.

போலீஸ்காரரே தப்புச் செய்தால்? 2019 திருத்தத்திலே 210பி என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. சட்டத்தை அமல் செய்கிற அதிகாரம் உள்ளவரே அந்தச் சட்டத்தை மீறினால், அபராதம் இரண்டு மடங்கு! ஹெல்மெட் போடாமல் போகிற காவலரைப் பார்த்தால் சண்டைக்குப் போகாதீர்கள். 'அண்ணே, உங்களுக்கு ரெண்டாயிரம்ணே' என்று அன்பாகச் சொல்லுங்கள், போதும். (சிரிப்பு, கைதட்டல்)

கடைசியாக நம்ம பக்கம் ஒரு வார்த்தை. போலீஸ்காரர் 'யார்' என்று கேட்பதற்கு முன்னாலேயே, 'நான் யார் தெரியுமா?' என்று சொல்கிறவன் யார் ஐயா? நாம்தானே? வண்டியை நிறுத்தினவுடனே நம்ம கை எங்கே போகுது? லைசென்ஸுக்கா போகுது? செல்போனுக்குப் போகுது! 'மாமா, இங்கே நிறுத்திட்டாங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க.' பதினாறு வயசுப் பையன் கையிலே சாவியைக் கொடுத்துவிட்டு, 'மெயின் ரோட்டுக்குப் போகாதடா' என்று வாசலிலே நின்று சொல்கிற அம்மா நாம்தானே? 199ஏ என்ன சொல்லுது தெரியுமா தாயே? பையன் ஓட்டினால் பெற்றவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. அந்த இடத்திலே எந்த ஏட்டய்யாவிடமும் கண்ணோட்டம் கேட்காதீர்கள். கேட்கக் கூடாத இடம் அது. பிள்ளை மேலே கண்ணோட்டம் இருந்தால் சாவியை ஆணியிலே மாட்டுங்கள்.

பிள்ளை ராத்திரி லேட்டா வந்தால் அம்மா கேட்கிற முதல் கேள்வி என்ன? 'ஏன்டா லேட்டு?' பஸ் வரலை என்றால் சோறு போடுவாள். சினிமாவுக்குப் போனேன் என்றால் திட்டிவிட்டுச் சோறு போடுவாள். கேட்காமல் கதவைச் சாத்துகிறவள் அம்மா இல்லை. கேட்காமலே கொஞ்சுகிறவளும் பிள்ளையைக் கெடுக்கிறவள். அந்த 'ஏன்' என்ற ஒரு கேள்வியைத்தான் காக்கிச் சட்டைக்குள்ளே வைக்கச் சொல்கிறோம்.

நடுவர் அவர்களே! சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. இன்றைக்கு இந்தத் தெப்பக்குளம் சாலையிலே ஒரு பூக்காரரும் ஒரு பேராசிரியரும் ஹெல்மெட் இல்லாமல் வந்தால், இருவரையும் நிறுத்தட்டும். இருவரிடமும் 'ஏன்' என்று கேட்கட்டும். காரணம் இருக்கிறவனுக்கு வழி சொல்லட்டும். காரணம் இல்லாதவனுக்கு ரசீது போடட்டும். அன்றைக்கு எனக்கு ரசீது கிடைத்திருந்தால் நான் இந்த மேடையிலே தலை நிமிர்ந்து பேசியிருப்பேன். அந்தக் காவலருக்கு வேண்டியது கண்ணோட்டமே, கண்ணோட்டமே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு, கூட்டம் முடிந்து வண்டியிலே போகிறவர்கள் எல்லோரும் தலையிலே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போங்கள், கண்ணாடியிலே மாட்டாதீர்கள் என்றும் கேட்டு, விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)